ஊரார் கூரையைப் பிய்த்த தெய்வம்

எங்கள் ஊரில் வசதியானவர் ஒருவர் செத்தால் முதலில் ஐயருக்கு ஆள் போகும். அடுத்தது எனக்கு ஆள் வரும். ஐயர் ஆத்மாவைக் கரையேற்றுவார், நான் அதன் பெயரைக் கரையேற்றுவேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்ததை விட, பக்கத்தொழிலாகக் கல்வெட்டு எழுதியதால்தான் திருகோணமலையில் என்னைப் பலருக்குத் தெரியும். கல்வெட்டு என்றதும் உளியும் பாறையும் நினைக்க வேண்டாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது. அட்டையில் முட்டை வடிவத்துக்குள் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே அவர் பிறந்த குலம், வாழ்ந்த விதம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, பிறகு வீட்டாரின் புலம்பல்கள். அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. சபை கூடியிருக்கும்போது ஒருவர் அதை இராகத்தோடு படிக்கவும் வேண்டும். என் குரல் மோசமில்லை என்பதால் அந்த வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

தொழிலில் இறங்கிய முதல் வருடத்திலேயே அதன் இலக்கணம் பிடிபட்டுவிட்டது. வசதியாக வாழ்ந்து செத்தவர் முயற்சியால் உயர்ந்தவர். வசதியாக வாழ்ந்து நொடித்துப்போய்ச் செத்தவர் சனியனால் விழுந்தவர். ஏறியதற்குச் சனியனுக்கு நன்றி சொல்லும்படியோ, விழுந்ததற்கு அவருடைய புத்தியைக் குறை சொல்லும்படியோ ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கடைசிவரை ஏழையாகவே இருந்து செத்தவருக்கு என்ன இலக்கணம் என்று கேட்கிறீர்களா? அவருக்குக் கல்வெட்டே அடிப்பதில்லை. ஆகவே எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

ஒருமுறை, தகப்பன் விட்ட மூன்று கடையும் மனைவி கொண்டுவந்த இரண்டு வளவுக் காணியும் வைத்திருந்த ஒருவருக்கு எழுதப்போனேன். “வெறுங்கையோட வந்து முன்னேறினவர் எண்டு போடுங்கோ ரீச்சர்” என்றார் மூத்த மகன். நான் யோசித்துவிட்டு, ‘வெறுங்கையோடு இப்பூவில் வந்துதித்தார்’ என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் அப்படித்தானே பிறக்கிறோம். மகனுக்கும் திருப்தி, என் மனச்சாட்சிக்கும் பழுதில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டு ஓடிய தொழிலில், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கல்வெட்டோடு என் வாய் அடங்கியது. அது என் சித்தப்பாவுடையது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. இரண்டு பேருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஒரே குசினியில் சாப்பிட்டு, ஒரே வாத்தியாரிடம் அடிவாங்கி, இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஒரே நாளில் துறைமுகத்து டொக்யாட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். விதியா முயற்சியா என்று பரீட்சித்துப் பார்க்க விரும்பும் ஒருவர் இதைவிட நல்ல சோடியைத் தேடிப்பிடிக்க முடியாது. அப்பாவைக் களஞ்சியத்தில் போட்டார்கள். சித்தப்பாவைக் கயிறு திரிக்கும் இடத்தில் போட்டார்கள். அப்பா வேலைக்குப் பிந்தியதாக ஒரு நாளும் இல்லை. சங்கு ஊத முதலே வாசலில் நிற்பார். சங்கு ஊதுபவர் அப்பாவைப் பார்த்துத்தான் ஊதுகிறார் என்று அம்மா பகிடி பண்ணுவாள்.

சித்தப்பாவுக்கு நித்திரை ஒரு வரம். உட்கார்ந்தாலும் வரும், நின்றாலும் வரும். கப்பலுக்குக் கட்டுகிற பெரிய கயிறுகளை வட்டமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு சுருளுக்குள் இறங்கிப் படுத்துவிட்டார். பார்வையிட வந்த துரை கயிறு குறட்டை விடுவதைக் கேட்டு நின்றாராம். எழுப்பவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, சித்தப்பா தானாகவே எழும்பும் வரை கால் மணித்தியாலம் காத்திருந்தாராம். அன்றோடு வேலை போயிற்று. துரையின் மரியாதையை மட்டும் சித்தப்பா கடைசிவரை புகழ்ந்தார்.

அதன்பிறகு சந்தைக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக்கடை போட்டார். கடை என்றால் ஒரு வாங்கும் ஒரு அடுப்பும்தான். வாங்கில் அவர் படுத்திருப்பார், வந்தவர்கள் தாங்களே ஊற்றிக் குடிப்பார்கள். ஊர் அவரைக் கைவிட்டுவிட்டது. அண்ணன் உழைப்பாளி, தம்பி சோம்பேறி என்று எங்கள் குடும்பத்துக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதி முடித்து அட்டையும் போட்டுவிட்டது.

பிறகு வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டியது. டொக்யாட்டில் வேலை செய்த ஆட்களுக்கு ஒரு கடிதமும் ஒரு கைகுலுக்கலும் கிடைத்தன. வெள்ளிக்கிழமை வரை உழைப்பாளிகளாக இருந்தவர்கள் திங்கட்கிழமை சோம்பேறிகளாகிவிட்டார்கள். சந்தியில் நின்றால், “என்ன, சும்மா நிக்கிறீரோ?” என்று கேட்டார்கள். சும்மா நிற்க வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா சில மாதம் சங்கு ஊதாத காலையிலும் அதே நேரத்துக்கு எழும்பி, முகம் கழுவி, வெளிக்கிட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கடற்படை கொண்டுபோகாமல் விட்ட சாமான்களை ஏலம் போட்டார்கள். குவியல் குவியலாக நம்பர் எழுதி அடுக்கியிருந்தது. ஒரு குவியலை எடுத்தால் அதில் கிடப்பது முழுக்க எடுத்தவருக்கு. மேலே தெரிவது ஒன்று, அடியில் கிடப்பது ஒன்று. கணக்கை ஒப்படைக்க அப்பாவை ஏலம் முடியும் வரைக்கும் மட்டும் களஞ்சியத்துக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையில்லாத ஊர் முழுக்க வேடிக்கை பார்க்கப் போனது. சித்தப்பாவும் போனார். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததை நான் என் வாழ்நாளில் எத்தனையோ தடவை, எத்தனையோ பேருக்கு, நடித்தே காட்டியிருக்கிறேன். உக்கிப்போன கன்வஸும் உடைந்த கட்டில்களும் மேலே கிடந்த ஒரு குவியலை ஏலகாரர் கூவினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சித்தப்பாவின் தலை நித்திரையில் முன்னுக்கு விழுந்தது. ஏலகாரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சுத்தியலை அடித்துவிட்டார். சித்தப்பா திடுக்கிட்டு எழும்பி, “ஐயோ, நான் நித்திரை! என்னத்தை எடுத்தனான்?” என்று கத்தினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

வண்டியில் ஏற்றிக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டியபோது, உக்கலுக்கு அடியில் புத்தம்புதிய தகரங்கள் கிடந்தன. கூரைக்குப் போடும் நெளித்தகரம், ஆணி துளைக்காதவை, ஆளுயர அடுக்குகள். அதிர்ஷ்டம் என்று சொன்ன அதே வாய் அடுத்த வாரம் துரதிர்ஷ்டம் என்று சொன்னது. துறைமுகமே படுத்துவிட்ட ஊரில் யார் வீடு கட்டப்போகிறார்கள்? தகரம் கேட்டு ஒரு காகம்கூட வரவில்லை. விற்கத் திரிவதற்குச் சித்தப்பாவுக்குச் சோம்பல், பஞ்சியோ பஞ்சி. கன்வஸால் மூடிவிட்டு அதன்மேல் ஒரு பாயைப் போட்டுப் படுத்தார். ஏழு வருடம் அதன்மேலேயே படுத்தார். ‘நித்திரை முதலாளி’ என்று அவருக்குப் பட்டம் வைத்தவள் நான்தான். அது ஊரெல்லாம் பிடித்துக்கொண்டதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழியில் புயல் வந்தது. விடிந்தபோது இறக்கக்கண்டியில் இருந்து பட்டினம் வரைக்கும் கூரை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஓடு பறந்தது, தென்னங்கிடுகு பறந்தது, கோயில் மடம் பறந்தது. சித்தப்பாவின் தகரங்கள் மட்டும் பறக்கவில்லை. அவை கட்டுக்கட்டாக, பாரமாக, பாயோடு கிடந்தன. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். சித்தப்பாவுக்கு ஊரார் கூரையை எல்லாம் பிய்த்துக்கொண்டு கொடுத்தது.

மூதூரில் இருந்து லோஞ்ச் படகு மறுபடி ஓடத் தொடங்கிய முதல் நாளே, அங்கே நெல்லு மில் வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி வந்து இறங்கி மில்லுக்கு வேண்டிய தகரத்தை ஏற்றிப்போனார். நான் அப்போது கடையில் சித்திக்கு உதவிக்கு நின்றேன். வாய் சும்மா இருக்குமா? “நித்திரை கொண்டே பணக்காரர் ஆகிற ஆளைப் பார்த்தீங்களா முதலாளி?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “அது அல்லாஹ் அவருக்கு அளந்த படி, றிஸ்க்கு, மகள். அவர் நித்திரையாக் கிடந்தா என்ன, முழிச்சிருந்தா என்ன, அளந்தது வந்து சேரும்” என்றார். பிறகு, தகரத்துக்கு அரை மணித்தியாலம் விலை பேசினார். அளந்தது தானாக வந்து சேரும் என்று அவர் முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை.

தேத்தண்ணிக்கடை இரும்புக்கடையாயிற்று. இரும்புக்கடை இரண்டு கதவு உள்ள இரும்புக்கடையாயிற்று. சித்தப்பா கோயில் சபைக்குத் தலைவர், விளையாட்டுக் கழகத்துக்குப் போஷகர்.

எங்கள் வீட்டுக் கூரையும் அந்தப் புயலில்தான் போனது. மூன்றாம் நாள் காலையில் சித்தப்பா ஒரு மாட்டுவண்டி நிறையத் தகரம் ஏற்றிக்கொண்டு, தானே மாட்டுக்குப் பக்கத்தில் நடந்துவந்து வாசல் படலையில் நின்றார். அப்பா வெளியே போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வண்டி திரும்பிப் போனது. அம்மா குசினி வாசலில் கையில் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் அனுப்பினீங்கள்?”

“எங்களுக்குக் கிடுகு போதும்.”

“சொந்தத் தம்பி தாறான். எரிச்சலோ உங்களுக்கு?”

அப்பா கிடுகுக்கு ஆள் பார்க்க வெளிக்கிட்டார். அவர் அப்போது கூட்டுறவுச் சங்கக் கடையில் நிறுக்கிற வேலையில் இருந்தார். அரிசியோ சீனியோ ஒரு மணி கூடாமல் ஒரு மணி குறையாமல் நிறுப்பார். அதனால் அவரிடம் நிறுவைக்கு வர ஒருவருக்கும் விருப்பமில்லை. அந்தச் சம்பளத்தில் வருடம் தவறாமல் கிடுகு மாற்றுவதே பெரிய காரியம். அம்மா சாகும்வரை மாரிக்கு ஏழெட்டுச் சட்டிகளை ஒழுகும் இடமெல்லாம் பரப்பி வைத்தாள். “உன்ர கொப்பற்ற வீம்புக்கு நான் சட்டி வைக்கிறன்” என்பாள். நானும் அப்படியே நம்பினேன். தம்பி முன்னேறியதைப் பொறுக்க முடியாத அண்ணன். உழைப்பு உயர்த்தும் என்று நம்பி ஏமாந்து, உயர்ந்தவனை மன்னிக்க முடியாமல் போன மனிதர். என் அப்பாவைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த கல்வெட்டு இதுதான்.

சித்தப்பாவோ நித்திரைக் கதையைத் தானே கொண்டாடினார். எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு ஒருமுறை பிரதம விருந்தினராக அழைத்தோம். ‘முயற்சி’ என்ற பொருளில் பேசும்படி அதிபர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சித்தப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார். “பிள்ளையள், உங்கட அதிபர் என்னை முயற்சியைப் பற்றிக் கதைக்கச் சொன்னவர். அது எனக்குத் தெரியாத பாடம். நித்திரையைப் பற்றிக் கேட்டால் சொல்லுவன்.” பிறகு ஏலக் கதையை, தலை விழுந்ததை, சுத்தியல் அடித்ததை, தான் கத்தியதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். பிள்ளைகள் கைதட்டியதில் மண்டபம் அதிர்ந்தது. அதிபரின் முகத்தைப் பார்த்தால் பிறகு ஒரு வாரம் சாப்பிடமாட்டார் போலிருந்தது. மறுநாள் என் வகுப்பில் ஐந்து பேர் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். கேட்டதற்கு, “முன்னேறிக்கொண்டு இருக்கிறம் ரீச்சர்” என்றார்கள்.

அந்தச் சித்தப்பா ஒரு நாள் பகல் நித்திரையில் இருந்து எழும்பவில்லை. அவருக்குப் பொருத்தமான சாவு என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.

ஒரே மகன், என் ஒன்றுவிட்ட தம்பி, கடையைப் பொறுப்பெடுத்தான். இருபத்து நாலு வயது. வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனை. முன்னேற்றம் பற்றிய புத்தகங்கள் மேசையில் அடுக்கியிருக்கும். மனிதன் நினைத்தால் மலையைப் பெயர்க்கலாம் என்பது அவனுடைய சித்தாந்தம். தொட்டிலில் இருந்து இறங்கிக் கல்லாப்பெட்டிக்கு நடந்ததுதான் அவன் பெயர்த்த மலை என்று நான் வீட்டில் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தியேட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தான்.

“அக்கா, நீங்கதான் எழுதோணும். ஆனா ஒண்டு, அந்த நித்திரைக் கதை வேண்டாம்.”

“அதுதானே தம்பி உங்கட அப்பாவின்ர கதை?”

“சனம் சிரிக்குது. அப்பா உழைச்சு வந்தவர் எண்டு போடுங்கோ. இந்த வரி அப்பிடியே வரோணும்.” பையில் இருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினான். அவனே இயற்றியிருந்தான்.

‘உடன்பிறந்தார் உறங்கையிலே ஒருவனாய் விழித்திருந்து
திடங்கொண்டு தொழில்செய்து திரவியம் தேடிவைத்தாய்.’

எதுகை சரியாக விழுந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது. சித்தப்பாவின் உடன்பிறந்தார் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் உயிரோடு, எழுபது தாண்டி, என் வீட்டில் இருக்கிறார்.

“இது என்ர அப்பாவைச் சொல்லுற மாதிரி இருக்கு.”

“நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை அக்கா. ஆனா ஒண்டு கேக்கிறன். ரெண்டு பேரும் ஒரு வயித்திலை பிறந்தவை. ஒரு இடத்திலை வேலை செய்தவை. பெரியப்பா ஏன் முன்னுக்கு வரேல்லை? நாங்கள் குடுத்த தகரத்தையும் வேண்டாமெண்டவர். முயற்சி செய்யாட்டி அதுக்கு ஆர் பொறுப்பு?”

நான் ‘எழுதித் தருகிறேன்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். சங்கு ஊத முதல் வாசலில் நின்ற மனிதரை, சபையில் முன்வரிசைக் கதிரையில் இருத்திவைத்து, ‘நீ உறங்கியவன்’ என்று என் வாயாலேயே பாட வைக்கப் பார்க்கிறான். அது நடக்காது. பல வருடம் பணக்காரருக்குப் பொய் எழுதிய கைக்கு ஒரு உண்மை எழுத ஆசை வந்தது. இரண்டு நாளில் எழுதி முடித்தேன். தம்பியின் வரி இருக்க வேண்டிய இடத்தில் என் வரி இருந்தது.

‘தலையொன்று சாய்ந்ததிலே தனம்வந்து சேர்ந்ததையா
விலைபோகாத் தகரமெல்லாம் விதிவந்து விற்றதையா.’

தம்பியிடம் காட்டாமல் அச்சுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். புத்தகம் சபையில் பிரியும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கெட்ட ஆசை. புறூஃப் வந்ததும் வழக்கம்போல அப்பாவிடம் கொடுத்தேன். நான் எழுதுவதை எல்லாம் அவர்தான் பிழை பார்ப்பார். களஞ்சியத்தில் சாமான் சரிபார்த்ததுபோல ஒவ்வொரு எழுத்துக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போவார்.

அந்த இடத்தில் புள்ளி நின்றுவிட்டது.

“இதை எடு” என்றார்.

“ஏன்? உண்மைதானே அப்பா?”

“உண்மை இல்லை.”

நான் தம்பியின் துண்டைக் கொண்டுவந்து காட்டினேன். “இதைத்தான் உங்கட தம்பியின்ர மகன் போடச் சொல்லுறான். உங்களை நித்திரை கொண்டவர் எண்டு சொல்லுறான். நான் விடுவனோ?” என் குரல் உயர்ந்திருந்தது.

அப்பா துண்டை வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏலத்திலை அவன் நித்திரை கொள்ளேல்லை பிள்ளை.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அந்தத் தகரத்தை அடுக்கினது நான். மேலை உக்கல், அடியிலை புதுச் சாமான். அது எனக்குத் தெரியும், வேற ஒருத்தருக்கும் தெரியாது. அவனுக்கு வேலை போயிட்டுது. சித்தி வயித்திலை பிள்ளையோட இருக்கிறா. ஏலத்துக்கு முதல்நாள் நான் போய், அந்தக் குவியலை எடு எண்டு சொன்னனான். என்னை நம்பி விட்ட சாமானின்ர விபரத்தைச் சொந்தத் தம்பிக்குச் சொன்னனான். அதுக்குப் பேர் களவு.”

“அப்ப அந்தத் தலை விழுந்தது?”

“அவன் முழிச்சிருந்துதான் தலையை ஆட்டினவன். சுத்தியல் விழுந்த உடன சனம் எல்லாம் திரும்பி என்னைப் பாத்துது. ஸ்டோர்க்காரன்ர தம்பி ஏன் உக்கலை எடுக்கிறான் எண்டு ஒருத்தன் கேக்கவும் துவங்கிட்டான். அப்பத்தான் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஐயோ நான் நித்திரை எண்டு கத்தினவன். முந்தி நித்திரை கொண்டு வேலை போனவன்தானே, எல்லாரும் நம்பிச்சினம். சிரிச்சுப்போட்டு விட்டிட்டினம்.”

அப்பா மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். “அண்டைக்கு ஒருக்காச் சொன்னால் போதும். அவன் சாகுமட்டும் சொல்லிக்கொண்டு திரிஞ்சான். மேடையிலை ஏறியும் சொன்னான். ஒருத்தருக்கும் என்னிலை சந்தேகம் வரக்கூடாது எண்டு.”

“பங்கு தந்தவரோ?”

“அரைவாசி எண்டு நிண்டான். நான் மாட்டன் எண்டனான். சொன்னதே பிழை. அதிலை பங்கும் எடுக்கிறதோ? புயலுக்குப் பிறகு கூரைக்கெண்டு கொண்டுவந்தவன். எடுத்திருந்தால் ஒவ்வொரு நாளும் அண்ணாந்து பாத்துக்கொண்டு படுக்கோணும். எனக்கு ஏலாது.”

“அம்மாவுக்குச் சொன்னீங்களோ?”

“இல்லை.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பிறகுதான். இந்த மனிதர் ஏழையாக இருந்தது விதியாலும் இல்லை, சோம்பலாலும் இல்லை. வேண்டாம் என்று சொல்லி, தெரிந்தே, முழுப் பொறுப்போடு ஏழையாக இருந்தார். சரி, அது அவருடைய இஷ்டம். ஆனால் மாரிக்கு மாரி சட்டி வைத்த அம்மாவை யார் கேட்டது? அப்பா செய்த தெரிவு அம்மாவுக்குத் தலைவிதியாக வந்து இறங்கியிருக்கிறது. ஒரு வீட்டுக்குள்ளேயே ஒருவருடைய மனச்சாட்சி இன்னொருவருக்கு ஒழுக்கு. இதைக் கேட்டும்விட்டேன். அப்பா, “அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை” என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் என்னால் அவரோடு தொடர்ந்து பேச முடிந்தது.

“சரி. என்ர வரியை எடுக்கிறன். ஆனா அவன்ர வரியைப் போடமாட்டன்.”

“அதைப் போடு.”

“உங்களை நித்திரை கொண்டவர் எண்டு நான் சபையிலை பாடவோ? சாகலாம்.”

“பிள்ளை, என்ர தம்பி இருபத்து நாலு வருசம் நித்திரைக்காரன் எண்ட பேரோட திரிஞ்சவன். சின்னப் பிள்ளையளும் சிரிச்சுது. நீ பட்டமும் வைச்சனீ.” அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். எனக்கு நிலம் பிளந்தால் இறங்கலாம் போலிருந்தது. “செத்த பிறகாவது அவன் முழிச்சிருந்தவன் எண்டு ஊர் கேக்கட்டும். அது உண்மையும்தான். அந்தப் பேரை ஆரும் ஒருத்தர் எடுக்கோணுமெண்டால் நான் எடுக்கிறன்.”

பென்சிலை எடுத்து என் இரண்டு வரிகளையும் வெட்டினார். தம்பியின் வரிகளை ஓரத்தில் தன் கையாலேயே, களஞ்சியத்துக் குண்டெழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் எழுத்துக்கு எழுத்துப் புள்ளி வைத்துச் சரிபார்த்தார்.

முப்பத்தோராம் நாள் பந்தல் நிறைந்திருந்தது. கடற்படைக் காலத்து ஆட்கள், சந்தை ஆட்கள், தோப்பூர், மூதூர் வியாபாரிகள், என் பள்ளிக்கூடத்து அதிபர், எல்லோரும் வந்திருந்தார்கள். மாலை போட்ட படத்துக்கு நேர் எதிரே முன்வரிசையில் அப்பா சலவை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். தம்பி ஓடியோடிப் புத்தகம் கொடுத்தான். நான் படிக்கத் தொடங்கினேன். காப்பு, குலம், பிறப்பு எல்லாம் தொண்டையில் தடையில்லாமல் போயின. அந்த வரி வந்தது.

நான் மெதுவாகப் பாடித் தாண்டிவிடப் பார்த்தேன். முடியவில்லை. விருத்தத்தில் அரையடிக்கு அரையடி நிறுத்தித்தான் ஆக வேண்டும். ‘உடன்பிறந்தார் உறங்கையிலே’ என்று நிறுத்தியபோது, பந்தலில் இருந்த தலைகள் புத்தகத்தில் இருந்து எழும்பி ஒன்றன்பின் ஒன்றாக அப்பா பக்கம் திரும்பின. தம்பி தலைகுனிந்து நின்றான். எழுதும்போது இவ்வளவு தூரம் நினைத்திருக்கமாட்டான். இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்ததற்காகத்தான் அப்பா அன்று அந்த ஒரு களவைச் செய்தார் என்று நான் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பின்வரிசையில் இருந்த டொக்யாட் காலத்துக் கிழவர் ஒருவர், காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில் பக்கத்தவரிடம் சொன்னார். “எழுத்தைப் பாத்தியோ? இவ்வளவு காலமும் நாங்கள் தம்பியை எல்லோ நித்திரைக்காரன் எண்டு சொன்னனாங்கள்! பிழை விட்டிட்டம்.”

அப்பா கதிரையில் திரும்பி உட்கார்ந்து, அந்தக் கிழவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

“ஓம் காணும், எனக்குத்தான் நித்திரை கூட. அவன் முழிச்சிருந்தவன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று என் அதிபரும் சிரித்தார். அப்பா திரும்பித் தன் தம்பியின் படத்தைப் பார்த்துத் தானும் சிரித்தார். புத்தகம் என் கையில் திறந்தபடி இருந்தது. அடுத்த பாட்டை என்னால் படிக்க முடியவில்லை. தம்பிதான் வந்து வாங்கிப் படித்தான்.